எனாமல் வெள்ளிப் பேழையும் அரச முத்திரையும்

வெள்ளியின் தரத்தை அறியத் தட்டாரிடம் உரைகல் உண்டு. ஆயின், "இஃது அரசர் கையிலிருந்து வந்தது" என்னும் சொல்லை எக்கல்லில் உரைத்துப் பார்ப்பது? ருஷ்ய நாட்டுப் பழைய எனாமல் வெள்ளிப் பேழைகள் இவ்வினாவுக்கு விடை கூறுகின்றன.

சிகரெட்டோ மூக்குத்தூளோ வைப்பதற்கென அமைந்த இப்பேழைகள் உள்ளங்கையில் அடங்குவன. எனாமல் என்பது வண்ணக் கண்ணாடியே. அதனைப் பொடியாக்கி வெள்ளியின்மீது பரப்பி, ஏறத்தாழ 700 முதல் 800 பாகை வெப்பத்தில் சுட்டால், உருகி உலோகத்தோடு ஒன்றிவிடும். மாஸ்கோக் கம்மியர் முறுக்கிய வெள்ளிக் கம்பிகளைப் பூவும் கொடியுமாகப் பற்றவைத்து, இடைவெளிகளில் எனாமல் நிரப்பினர். பீட்டர்ஸ்பர்க் கம்மியரோ வெள்ளித் தகட்டில் பொறியினால் அலைவரிகள் செதுக்கி, அவற்றின்மேல் ஒளி ஊடுருவும் எனாமலைப் பலமுறை பூசிச் சுட்டனர். பேழையை அசைத்தால், தெளிந்த நீரின் அடியில் ஒளி ஓடுவதுபோல் அவ்வரிகள் மின்னும். 1842 இல் தொடங்கப்பெற்ற ஃபாபெர்ஜே நிறுவனம் இவ்வேலையில் உலகப் புகழ் பெற்றது.

பேழையின் உட்புறத்தில் சிறு முத்திரைகள் காணப்படும். நாம் மாற்றுக் கூறுவதுபோல் ருஷ்யர் தூய வெள்ளியை 96 சொலோத்நிக் என்றனர். ஆகவே, 84 என்னும் எண் ஆயிரத்தில் 875 பங்கு வெள்ளியைக் குறிக்கும். அதனருகே தலையணி பூண்ட பெண்முகம் இடப்புறம் நோக்கினால், அம்முத்திரை 1908 ஆம் ஆண்டுக்கு முந்தியது. வலப்புறம் நோக்கினால் பிந்தியது.

இருதலைக் கழுகைக் கண்டவுடன் பலர் அரண்மனைப் பொருள் என்று மயங்குவர். அரசவைக்குப் பொருள் வழங்கும் உரிமை பெற்ற கம்மியர் தம் பெயருடன் கழுகையும் பொறித்துக்கொள்ளலாம். எனவே, கம்மியர் பெயரோடு நிற்கும் கழுகு செய்தவரின் தகுதியைக் காட்டுமேயன்றி, வைத்திருந்தவரின் பெயரைக் காட்டாது. போலி முத்திரைகளும் மிகப் பல.

பின், சான்று எது? பேரரசரின் பரிசுகளை அவருடைய அலுவலகம் ஏடுகளில் பதிந்துவந்தது. எப்பொருள், என்ன விலை, யாருக்கு, எந்நாள் என்பன அவற்றில் உள்ளன. அப்பதிவோடு பேழை பொருந்தினால்தான் அரசத் தொடர்பு உறுதிப்படும்.

பின்னர் இரண்டாம் நிக்கோலாஸ் மன்னராக முடிசூடிய இளவரசர், 1891 இல் தம் கீழைநாட்டுப் பயணத்தின்போது இலங்கைக்கும் வந்தார். அவர் வந்தது மெய்யாயினும், இத்தீவில் கிடைக்கும் ஒரு ருஷ்யப் பேழை அவர் அளித்ததென்பது அதனால் மட்டும் மெய்யாகிவிடாது. வருகை வேறு; வழங்கியமை வேறு.

இவ்வுண்மை நம் வீடுகளுக்கும் பொருந்தும். தம்பிலுவில், திருக்கோவில், அக்கரைப்பற்று, கல்முனை என நீளும் நம் கரையில், தமிழர் இல்லங்களிலும் முஸ்லிம்கள் இல்லங்களிலும் பழைய வெற்றிலை வட்டாக்களும் படிக்கங்களும் வெள்ளிச் சிமிழ்களும் உள்ளன. 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை இக்கரையிலிருந்து பொருள்களை மட்டுமா கொண்டுசென்றது? அவற்றின் கதை அறிந்த முதியோரையும் அன்றோ கொண்டுசென்றது! எஞ்சிய ஒவ்வொரு பொருளையும் பற்றி, யார் செய்தது, யாருக்கு எப்போது வந்தது என்பதை அறிந்தவர் இருக்கும்போதே எழுதிவைத்தல் நம் கடமை. எழுதப்படாத பெருமை இரண்டு தலைமுறையில் கதையாகிவிடும். மூன்றாம் தலைமுறையில் அதை நம்புவாரும் இரார்.