'வீட்டுலதானே இருக்கே?'

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. சிலிண்டர் வந்தால் வாங்கிவைக்க வேண்டும், பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவர வேண்டும், வந்தவர்களுக்குக் காபி போட வேண்டும். 'வீட்டுலதானே இருக்கே?' இரவு ஒன்பதரைக்கு அலுவலகத்திலிருந்து வரும் அழைப்புக்குள் இருப்பதும் இதே கேள்விதான். வீட்டார் கணக்கில் அவர் வேலையில் இல்லை. அலுவலகத்தின் கணக்கில் அவர் இன்னும் வீட்டுக்குப் போகவில்லை. மனம் களைத்துப்போவது இந்த இரண்டு கணக்குகளுக்கும் நடுவில்தான்.

2020 மார்ச் ஊரடங்கின்போது சென்னை ஓஎம்ஆரின் ஐடி நிறுவனங்கள் ஊழியர்களை லேப்டாப்போடு வீட்டுக்கு அனுப்பின. வீட்டிலிருந்து வேலை பார்ப்பதன் நல்லது கெட்டதை அதற்கு ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்கு முன்பே ஒரு சீன நிறுவனம் சோதித்துப் பார்த்திருந்தது. ஷாங்காயில் கால் சென்டர் வைத்திருந்த சிட்ரிப் என்ற பயண நிறுவனம், ஸ்டான்ஃபோர்டு பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் புளூம் குழுவோடு சேர்ந்து 2010 இறுதியில் தொடங்கிய ஆய்வு அது. விருப்பம் தெரிவித்தவர்களில், பிறந்த தேதி இரட்டைப்படையாக இருந்தவர்கள் வாரம் நான்கு நாள் வீட்டிலிருந்து வேலை பார்த்தார்கள். மற்றவர்கள் வழக்கம்போல் அலுவலகம் வந்தார்கள். ஒன்பது மாதங்களில் வீட்டிலிருந்தவர்களின் வேலைத்திறன் 13 சதவீதம் கூடியது. வேலையை விட்டுப் போகிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள்.

ஆனால் நான் திரும்பத் திரும்ப நினைத்துப்பார்ப்பது அதற்குப் பிறகு நடந்ததை. இனி எங்கிருந்து வேலை செய்ய விருப்பம் என்று கேட்டபோது, வீட்டிலிருந்தவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் அலுவலகத்துக்கே திரும்பினார்கள். அவர்கள் சொன்ன முக்கியக் காரணம், தனிமை. அவர்கள் யாரும் கட்டாயத்தின்பேரில் வீட்டிலிருந்து வேலை பார்த்தவர்கள் அல்லர். வீட்டில் தனி அறை உள்ளவர்களை மட்டுமே ஆய்வில் சேர்த்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவர்களுக்கே அப்படி என்றால், ஹாலில் டிவி ஓட, கட்டில் ஓரத்தில் மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்து மீட்டிங்கில் பேசுகிறவரின் நிலையைச் சொல்லவே வேண்டாம்.

திரையில் பார்த்துப் பேசுவதே ஏன் இவ்வளவு அசதி தருகிறது? ஸ்டான்ஃபோர்டின் ஜெரமி பெய்லன்சன் 2021-இல் இதற்கு நான்கு காரணங்களைச் சொன்னார். நேரில் நெருங்கியவர்களிடம் மட்டுமே அனுமதிக்கிற தூரத்தில், பெரிய முகங்கள் நம்மையே பார்த்துக்கொண்டிருக்கின்றன. நம் முகமும் கண்ணாடிபோல எதிரிலேயே நிற்கிறது. கேமராவுக்குள் அடங்கவேண்டி உடம்பு அசையாமல் கிடக்கிறது. நேரில் தானாகப் புரிகிற தலையசைப்பையும் முகக்குறிப்பையும் முயன்று காட்ட வேண்டியிருக்கிறது, முயன்று படிக்க வேண்டியிருக்கிறது. நம் முகத்தை மட்டும் நமக்குத் தெரியாதபடி மறைத்துவைக்கும் வசதி பெரும்பாலான செயலிகளில் உண்டு. பார்க்க வேண்டிய அவசியமில்லாத பேச்சை, கேமராவை அணைத்துவிட்டு மொட்டைமாடியில் நடந்தபடி பேசலாம். இதை ஊழியர் கேட்டு வாங்கும்படி விடாமல், டீம் லீடே முன்வந்து சொல்ல வேண்டும்.

பெண்களுக்கு இன்னொரு பாரமும் உண்டு. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, தங்கள் வீட்டு வேலைகளைச் சம்பளமின்றிச் செய்யும் பெண்கள் அதில் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். அலுவலகத்தில் இருக்கும் எட்டு மணி நேரமாவது அந்த 289 நிமிடம் அவர்களைத் தொடாது. வீட்டிலிருந்து வேலை என்றானதும் குக்கர் விசிலும் மீட்டிங்கும் ஒரே நேரத்தில் வந்துவிடுகின்றன. இதற்கு மூச்சுப் பயிற்சி மருந்தாகாது. சமையலையும் பிள்ளைகளையும் வீட்டில் மற்றவர்கள் பங்குபோட்டுக்கொள்வதுதான் வழி.

கம்பெனி பஸ்ஸில் ஒரு மணி நேரம் தூங்கி வழிந்ததை யாரும் ஓய்வென்று எண்ணியதில்லை. ஆனால் அலுவலகக் கவலைகளை இறக்கிவைக்க அந்த ஒரு மணி நேரம் இடம் கொடுத்தது. அதற்கு மாற்றாக, லாக் அவுட் செய்ததும் லேப்டாப்பைப் பீரோவுக்குள் வைத்துவிட்டுத் தெருமுனை வரை நடந்துவிட்டு வரலாம்.

தனி மனிதர் முயற்சி ஓரளவுக்குத்தான் உதவும். வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பறுத்துக்கொள்ளும் உரிமை பிரான்ஸில் 2017 முதல் சட்டத்தில் இருக்கிறது. போர்ச்சுகல் 2021-இல் சட்டம் செய்தது. இங்கே மக்களவை உறுப்பினர் சுப்ரியா சுலே இதற்காக 2018-இல் கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமாகவில்லை. சட்டம் இல்லாவிட்டாலும் நிறுவனங்களே மாறலாம். அதே சிட்ரிப் நிறுவனம் பின்னர் 1,600-க்கும் மேற்பட்ட ஊழியர்களிடம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வீட்டிலிருந்து வேலை என்ற முறையைச் சோதித்தது. 2024-இல் வெளியான முடிவின்படி, வேலையை விடுவோர் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள், வேலைத்திறன் குறையவில்லை. நம் நிறுவனங்கள் இதைப் படிக்கட்டும்.

தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல், அழுகையோ எரிச்சலோ இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதை வேலைப் பளு என்று தள்ளிவிடாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மத்திய அரசின் டெலி மனஸ் மனநல உதவி எண் 14416. கட்டணமில்லை, இரவு பகல் எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம்.