தட்டில் இருப்பதே மருந்து

“இத்தனை நாள் பட்டினி கிடந்த பிள்ளை. இன்றாவது வயிறாரச் சாப்பிடட்டுமே! ஏன் இப்படி அளந்து கொடுக்கிறீர்கள்?” அனோரெக்சியா நெர்வோசா என்னும் உண்ணல் கோளாற்றுக்காக மகளைச் சேர்த்த முதல் நாளில் தாய்மார் எங்களிடம் கேட்கும் கேள்வி இது. ஒரு வாரம் கழிந்ததும் அதே தாய் வேறொரு கேள்வியோடு வருவார்: “அழுகிறாளே, டாக்டர். இந்த ஒரு வேளையாவது பாதியோடு விட்டுவிடக் கூடாதா?” இரண்டும் அன்பிலிருந்து பிறக்கும் கேள்விகள். இரண்டுக்கும் எங்கள் விடை ‘கூடாது’ என்பதே. அதற்கான காரணங்களை இங்கே விளக்க முற்படுகிறோம்.

இது பிடிவாதம் அன்று

இந்நோய் அழகின் மீதுள்ள மோகமோ, பிள்ளையின் பிடிவாதமோ, வளர்ப்பின் குறையோ அன்று. எடை கூடிவிடும் என்ற அச்சம் மனத்தை முற்றிலும் ஆட்கொண்டுவிடும் நோய் இது. எலும்பும் தோலுமாக இருக்கும்போதும் தான் பருமனாக இருப்பதாகவே நோயாளி உணர்வார். பெண்பிள்ளைகளிடம் மிகுதியாகக் காணப்படினும் ஆண்பிள்ளைகளுக்கும் வரும். மன நோய்களுள் உயிரிழப்பு மிகுந்தவற்றுள் இதுவும் ஒன்று.

பட்டினி நீளும்போது உடல் தன் செலவைக் குறைத்துக்கொள்கிறது. நாடித்துடிப்பு தளர்கிறது, இரத்த அழுத்தமும் உடல் வெப்பமும் தாழ்கின்றன, மாதவிடாய் நின்றுபோகிறது, எலும்பு வலுவிழக்கிறது. பகலில் விழித்திருக்கும்போதே நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 50-க்குக் கீழே இறங்கினாலோ, எழுந்து நின்றதும் தலைசுற்றி நாடி சட்டென எகிறினாலோ, இரத்தத்தில் உப்புகளின் அளவு பிறழ்ந்தாலோ, மருத்துவமனையில் சேர்ப்பது இன்றியமையாதது. எடையை மட்டும் கொண்டு அபாயத்தை அளக்க முடியாது. பருமனாக இருந்து குறுகிய காலத்தில் வெகுவாக இளைத்த பிள்ளையின் எடை இன்று ‘சரியாக’ இருக்கலாம். ஆயினும் இதயம் தளர்ந்திருக்கக்கூடும்.

முதல் வாரத்தில் ஏன் அளந்து கொடுக்கிறோம்?

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது, நெடுநாள் பட்டினிக்குப் பின் மீட்கப்பட்ட கைதிகள் சிலர் உணவு உண்ணத் தொடங்கிய பிறகே நோயுற்று இறந்ததை மருத்துவர்கள் கண்டனர். இன்று இதனை ‘மறு உணவூட்டல் நோய்க்குறி’ என்கிறோம். பட்டினியில் உடலின் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் ஆகியவற்றின் இருப்பு கரைந்துபோகிறது. இரத்தப் பரிசோதனையிலோ அவை சரியான அளவில் இருப்பதாகவே தோன்றும். உணவு உள்ளே சென்றதும் இன்சுலின் பெருகி, இரத்தத்தில் எஞ்சியிருப்பவற்றையும் உயிரணுக்களுக்குள் இழுத்துக்கொள்கிறது. இரத்தத்தில் அவற்றின் அளவு சரிய, இதயமும் மூச்சுத் தசைகளும் தடுமாறுகின்றன.

இதனால்தான் முதல் வாரத்தில் அடிக்கடி இரத்தம் எடுக்கிறோம், இதயத்துடிப்பைக் கண்காணிக்கிறோம், பாஸ்பேட்டும் தயமின் என்னும் பி1 வைட்டமினும் கொடுக்கிறோம். “இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினால் தெம்பு வந்துவிடாதா?” என்று சிலர் கேட்பதுண்டு. இந்நிலையில் சர்க்கரையை நேரே இரத்தத்தில் ஏற்றுவது அந்த ஆபத்தையே விரைவுபடுத்தும். வாயால் உண்ணும் உணவே முதல் வழி.

அதற்காக, வேண்டுமென்றே மிகக் குறைவாகக் கொடுப்பதும் நன்மை தராது. முன்பு நாளொன்றுக்கு 1200 கலோரி அல்லது அதற்கும் குறைவாகத் தொடங்குவது வழக்கம். அதனால் சேர்ந்த பின்னும் பலருக்கு எடை இறங்கியது. கலிபோர்னியாவின் இரு மருத்துவமனைகளில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், ஒரு பிரிவினருக்கு 2000 கலோரியிலும் மற்றொரு பிரிவினருக்கு 1400 கலோரியிலும் உணவூட்டம் தொடங்கப்பட்டது. முதற்பிரிவினரின் உடல்நிலை ஏறத்தாழ மூன்று நாள் முன்னதாகவே சீரடைந்தது. இரத்த உப்புகள் பிறழ்வது அவர்களிடம் கூடுதலாகவும் இல்லை. ஆயினும் மிகக் கடுமையாக இளைத்தவர்கள் அந்த ஆய்வில் இடம்பெறவில்லை. எனவே ஒவ்வொரு பிள்ளையின் நிலையையும் பார்த்தே தொடக்க அளவை முடிவு செய்கிறோம்.

பின்னர் ஏன் விட்டுக்கொடுப்பதில்லை?

சில நாட்களில் உடல் விழித்துக்கொண்டு, உண்பதை வேகமாக எரிக்கத் தொடங்கும். அப்போது எடை கூடுவதற்கு நாளொன்றுக்கு 3000 கலோரிக்கு மேலும் தேவைப்படலாம். இட்லியோடு நெய், சோற்றோடு பருப்பும் முட்டையும், இடையிடையே பாலும் வாழைப்பழமும் வேர்க்கடலையும் என மூன்று வேளை உணவும் மூன்று சிற்றுணவும் வருவது இதற்காகவே. வயிறு உப்புசமும் மலச்சிக்கலும் இருக்கும். பட்டினியில் இரைப்பை மெதுவாகச் சுருங்கிவிரியப் பழகிவிட்டதே காரணம். தொடர்ந்து உண்ண உண்ணத்தான் அது சரியாகும்.

மனமும் உணவுக்காகக் காத்திருக்கிறது. 1944-45-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் நடத்திய ஆய்வில், உடல்நலமும் மனநலமும் வாய்ந்த 36 இளைஞர்கள் 24 வாரம் அரைப்பட்டினி இருந்தனர். எடையில் ஏறக்குறைய கால் பங்கை இழந்த அவர்கள் எந்நேரமும் உணவையே எண்ணினர். சமையல் குறிப்புகளைச் சேர்த்தனர். எரிச்சலும் சோர்வும் கொண்டு பிறரிடமிருந்து விலகினர். உங்கள் பிள்ளையிடம் நீங்கள் காணும் மாற்றங்களில் பல, பட்டினியின் விளைவே. பசித்த மூளையிடம் நியாயம் பேசிப் பயனில்லை. மனநல ஆலோசனை உடன் நடக்கும். ஆனால் அது வேர்கொள்வதற்கு உணவு முந்தவேண்டும். மூக்கு வழிக் குழாய் தேவைப்பட்டால் அதுவும் மருந்தே, தண்டனை அன்று.

நீங்கள் செய்யக்கூடியவை

உணவு வேளையில் அருகில் அமருங்கள். இயன்றால் உடன் உண்ணுங்கள். கலோரி, எடை, உடல்வாகு பற்றிப் பேசாதீர்கள். “முகத்தில் சதை போட்டிருக்கிறது” என்று உறவினர் மகிழ்ந்து சொன்னாலும், பிள்ளையின் காதில் அது வசையாகவே விழும். பார்க்க வருவோரிடம் இதனை முன்னரே சொல்லிவையுங்கள். பேரம் பேசாதீர்கள், கடிந்துகொள்ளவும் வேண்டாம். “கடினமாக இருக்கிறது, தெரியும், நான் இங்கேயே இருக்கிறேன், அடுத்த வாய் எடுத்துக்கொள்” என்பது போதும். உணவைத் துணியில் மறைப்பதைக் கண்டால் எங்களிடம் சொல்லுங்கள். நோய் செய்விக்கும் செயல் அது; அதற்காகப் பிள்ளையைப் பொய்யர் என எண்ணிவிடாதீர்கள். உண்டபின் ஒரு மணி நேரம் தனியே விடாமல், தாயமோ பல்லாங்குழியோ ஆடிப் பொழுதைக் கழியுங்கள்.

வீடு திரும்புவது நலம்பெறுதலின் தொடக்கமே. முழு நலத்துக்கு மாதங்களும் சிலருக்கு ஆண்டுகளும் ஆகும். இலண்டனின் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980-களில் உருவான குடும்பவழிச் சிகிச்சையில், பிள்ளைக்கு என்ன, எவ்வளவு உணவு என்பதைச் சில காலம் பெற்றோரே முடிவு செய்கின்றனர். நாங்களும் வார்டிலேயே உங்களை அதற்குப் பழக்குகிறோம். விரதமும் நோன்பும் இப்போதைக்கு வேண்டாம்; ஐயம் இருப்பின் எங்களைக் கேளுங்கள். மயக்கம், படபடப்பு, மூச்சுத்திணறல் தோன்றினாலோ, ஒரு நாள் முழுதும் உண்ண மறுத்தாலோ, அடுத்த சந்திப்பு நாளுக்காகக் காத்திராமல் உடனே அழைத்து வாருங்கள்.

அடுத்த வேளைத் தட்டு வரும்போது உங்கள் பிள்ளை அழலாம். உங்களையே வெறுப்பதாகவும் சொல்லலாம். எழுந்து போய்விடாதீர்கள். அந்தத் தட்டை அளந்து அனுப்புவது எங்கள் வேலை; அது காலியாகும் வரை பக்கத்தில் இருப்பது உங்களால்தான் முடியும்.