குறுகிய கால ஒப்பந்தப் பணியும் தன்விவரக் குறிப்பும்

படிப்பு முடிந்ததும் ஒரே அலுவலகத்தில் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெறுவதுதான் பணி வாழ்வு என்னும் எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. ஆனால் நாட்டின் வேலைவாய்ப்பு நிலை இந்த எண்ணத்தினின்று வெகுவாக விலகிவிட்டது. பதிவு பெற்ற தொழிற்சாலைகளைப் பற்றிய ஆண்டு ஆய்வின்படி, தொழிலாளரில் ஒப்பந்தக்காரர் வாயிலாக அமர்த்தப்பட்டோரின் பங்கு 2000-01இல் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றாக இருந்தது. 2022-23இல் அது 40 சதவீத அளவை எட்டிவிட்டது. அரசுத் துறைகளும் இதற்கு விலக்கல்ல. 2005இல் தொடங்கப்பட்ட தேசிய ஊரகச் சுகாதார இயக்கத்தில் செவிலியரும் ஆய்வகத் தொழில்நுட்பரும் பெருமளவில் ஒப்பந்த அடிப்படையிலேயே அமர்த்தப்பட்டனர். புள்ளிவிவரம் திரட்டும் களப்பணியிலும் இதே முறை கையாளப்படுகிறது.

எனவே, இன்றைய இளைஞர் பலருடைய அனுபவம் ஆறு மாதம், பதினொரு மாதம் எனத் துண்டு துண்டாகவே அமைகிறது. அத்துண்டுகளை எவ்வாறு எழுத்தில் வடிப்பது என்பது அவர்தம் எதிர்காலத்தையே தீர்மானிக்கக் கூடிய வினாவாகும்.

ஒரு தேர்வுக் குழுவின் அனுபவம்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தேர்வுக் குழுவில் அமரும் வாய்ப்பு இக்கட்டுரையாளருக்குக் கிட்டியது. கள ஆய்வில் ஈராண்டு அனுபவம் கோரப்பட்ட பணியிடம் அது. சான்றிதழ்ச் சரிபார்ப்புக்கு உட்பட்டு நேர்முகத்துக்கு அழைக்கப்பட்டிருந்தவர்களுள் ஒரு பெண்மணியின் குறிப்பில், "பல்வேறு அலுவலகங்களில் தற்காலிகப் பணி" என்று ஒரே ஒரு வரி மட்டும் காணப்பட்டது. ஆனால் கேட்ட வினாக்களுக்கெல்லாம் அவர் தெளிவாக விடையளித்தார். மாதிரிக் குடும்பம் பூட்டிய வீடாக இருந்தால் என்ன செய்வது, நிலமற்ற கூலித் தொழிலாளியின் ஒரு வார வேலையை நாள்வாரியாக எவ்வாறு குறிப்பது என்பன போன்றவற்றை அவர் விளக்கியபோது குழுவினர் வியந்தனர்.

விசாரித்ததில், அவர் 11 மாதம், 6 மாதம், 8 மாதம் என மூன்று ஒப்பந்தங்களில் பணியாற்றியது தெரியவந்தது. கூட்டினால் 25 மாதங்கள். கோரப்பட்ட தகுதிக்கு ஒரு மாதம் மிகுதி. எனினும் முதற்பணிக்கு மட்டுமே சான்று வைத்திருந்தார். மற்ற இரண்டையும் விண்ணப்பத்தில் தனித்தனியே குறிக்கவும் இல்லை. காரணம் கேட்டபோது, "அவையெல்லாம் வேலை என்று சொல்லிக்கொள்ளத் தயக்கமாக இருந்தது" என்றார். கடைசித் தேதிக்குப் பின் புதிய விவரம் சேர்க்க விதி இடந்தரவில்லை. அவர் தேர்வாகவில்லை. அவரிடம் தகுதி இருந்தது. அத்தகுதி தாளில் இடம்பெறவில்லை.

படிப்பவர் இரு வகையினர்

தன்விவரக் குறிப்பைப் படிப்பவர் இரு வகையினர் என்பதை முதலில் உணர வேண்டும். முதலாமவர் தகுதியைச் சரிபார்க்கும் அலுவலர். அவருக்கு வேண்டியவை தேதியும் சான்றும் மட்டுமே. இரண்டாமவர் தேர்வு செய்பவர். விண்ணப்பதாரரால் என்ன செய்ய இயலும் என்பதே அவர் அறிய விரும்புவது. முதலாமவரைக் கடவாமல் இரண்டாமவரை அடைய முடியாது. ஒப்பந்தப் பணியாளரின் குறிப்பு பெரும்பாலும் தடுமாறுவது முதற்படியிலேயே ஆகும்.

எல்லாப் பணியும் ஒரே அளவில் கணக்கிடப்படுவதில்லை என்பதும் கருத்திற் கொள்ளத் தக்கது. மத்தியப் பணியாளர் தேர்வாணையத்தின் நேரடி நியமன அறிவிக்கைகளில், பகுதிநேரப் பணி, தினக்கூலிப் பணி, கௌரவ விரிவுரையாளர் பணி ஆகியவை அனுபவக் கணக்கில் சேரா என்னும் நிபந்தனை இடம்பெறுவதுண்டு. முழுநேர ஒப்பந்தப் பணியைத் "தற்காலிகப் பணி" என்று பொதுப்பட எழுதுவோர், சேரக்கூடிய அனுபவத்தையும் சேராத வகையில் தாமே தள்ளிவிடுகின்றனர். ஆகவே "முழுநேரம், ஒப்பந்த அடிப்படை" என்று வெளிப்படையாகக் குறிப்பிடுவது இன்றியமையாதது.

எழுதும் முறை

ஒவ்வொரு பணிக்கும் ஐந்து செய்திகள் வேண்டும். அவை பதவியின் பெயர், தொடங்கிய மற்றும் முடிந்த தேதிகள், பணியமர்த்தியவரும் பணி செய்த இடமும், செய்த வேலையின் அளவு, பணி முடிந்த காரணம் ஆகியன. ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம்:

"கள ஆய்வாளர் (முழுநேரம், ஒப்பந்த அடிப்படை). 1.4.2023 முதல் 29.2.2024 வரை, 11 மாதங்கள். பணியமர்த்தியவர்: மனிதவள முகமை. பணி செய்த இடம்: புள்ளியியல் மண்டல அலுவலகம். 24 மாதிரிப் பகுதிகளில், பகுதிக்கு 8 வீதம் 192 குடும்பங்களிடம் வேலைவாய்ப்பு விவரம் திரட்டிக் கையடக்கக் கணினியில் பதிந்தது. ஒப்பந்தக் காலம் நிறைவுற்றதால் பணி முடிந்தது."

முகமையின் பெயரையும் அலுவலகத்தின் பெயரையும் உரிய இடத்தில் தனித்தனியே எழுத வேண்டும். ஊதியம் வழங்கியது முகமை. வேலை வாங்கியது அலுவலகம். அலுவலகத்தை மட்டும் குறித்தால் சரிபார்ப்பின்போது "இவர் எம் பணியாளர் அல்லர்" என்ற விடை வரக்கூடும். முகமையை மட்டும் குறித்தால் வேலையின் தன்மை விளங்காது.

"கடுமையாக உழைத்தேன்", "பல பொறுப்புகளை ஏற்றேன்" போன்ற தொடர்களால் பயனில்லை. குறுகிய காலப் பணிக்கு எண்ணே வலிமை தரும். எத்தனைக் குடும்பங்கள், எத்தனைக் கோப்புகள், எத்தனை இரத்த மாதிரிகள் என்று எழுதப்படுமானால், காலத்தின் குறுக்கம் மறைந்து வேலையின் நிறைவு வெளிப்படும். பணி முடிந்த காரணத்தையும் ஒரு தொடரில் குறிப்பது நலம். இல்லையேல், நிலைத்து நில்லாதவர் என்று படிப்பவர் கருத இடமுண்டு.

ஒரே வகையான பணிகள் பல இருப்பின், "கள ஆய்வுப் பணி: மூன்று ஒப்பந்தங்கள், மொத்தம் 25 மாதங்கள்" என்று ஒரு தலைப்பின்கீழ்த் தொகுத்து, ஒவ்வொன்றின் தேதியையும் கீழே வரிசைப்படுத்தலாம். தனித்தனியே சிதறிக் கிடந்தால் மூன்று விலகல்களாகத் தோன்றுபவை, தொகுத்தால் ஒரே துறையில் பெற்ற தேர்ச்சியாகத் தோன்றும். ஆனால் அச்சிட்ட விண்ணப்பப் படிவத்தில் இவ்வாறு தொகுத்தல் கூடாது. அங்கு ஒவ்வொரு பணிக்கும் ஒரு வரி நிரப்பியே ஆக வேண்டும். இடைவெளிகளையும் மறைத்தல் தகாது. தேதியை நீட்டி எழுதுவது சரிபார்ப்பில் வெளிப்பட்டு, உண்மையான அனுபவத்தின் மீதும் ஐயத்தை உண்டாக்கும்.

சான்றும் சட்டமும்

எழுதியதை மெய்ப்பிக்கும் பொறுப்பு விண்ணப்பதாரருடையது. 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் இயற்றப்பட்ட 1971ஆம் ஆண்டு மத்திய விதிகள், பணி முடிவில் ஒப்பந்தக்காரர் பணிச் சான்று வழங்க வேண்டும் என்று விதித்தன. அச்சட்டத்தின் இடத்தில், 2020இல் நிறைவேறிய பணிப் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச் சூழல் தொகுப்புச் சட்டம் 21.11.2025 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. ஒப்பந்தத் தொழிலாளர் கோரினால், செய்த வேலையின் விவரத்துடன் அனுபவச் சான்று வழங்கப்பட வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. பணியில் சேரும்போது நியமனக் கடிதம் வழங்குவதையும் அது வலியுறுத்துகிறது.

"கோரினால்" என்னும் சொல் கவனத்துக்குரியது. கேளாதவருக்குச் சான்று தானே வந்து சேராது. எனவே ஒப்பந்தம் முடியும் வாரத்திலேயே எழுத்து மூலம் சான்று கோருவதை வழக்கமாக்கிக் கொள்ள வேண்டும். முகமை மூடப்பட்ட பின்னர், அல்லது அலுவலர் மாறிய பின்னர் அதைப் பெறுவது அரிது. வருங்கால வைப்பு நிதியில் சேர்க்கப்பட்டோருக்கு, 2014 முதல் வழங்கப்படும் பொதுக் கணக்கு எண்ணின்கீழ்ப் பல நிறுவனங்களிலும் ஆற்றிய பணியின் காலம் ஒருங்கே பதிவாகிறது. அது காலத்துக்குச் சான்றாகும். ஆனால் வேலையின் தன்மையை அது கூறாது. இரண்டும் சேர்ந்தாலே சான்று முழுமை பெறும்.

2021 மே மாதம், பெருந்தொற்றின் இரண்டாம் அலையின்போது, 100 நாட்கள் கொரோனா பணியாற்றிய மருத்துவப் பணியாளருக்கு அரசின் நிரந்தர நியமனங்களில் முன்னுரிமை அளிக்கப்படும் என மத்திய அரசு அறிவித்தது. இத்தகைய சலுகையில் ஒவ்வொரு நாளும் கணக்காகிறது. 100 நாட்கள் உழைத்தும் சான்றில் 90 நாட்களே காணப்படுமாயின், அந்த உழைப்பு பயனற்றுப் போகும்.

அலுவலகங்களின் கடமை

நீண்ட காலம் ஒப்பந்தப் பணியில் இருந்தமையால் மட்டுமே நிரந்தரப் பணிக்கு உரிமை பிறவாது என உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2006 ஏப்ரலில், கர்நாடக அரசு தொடர்பான உமாதேவி வழக்கில் தீர்ப்பளித்தது. ஆகவே ஒப்பந்தப் பணியாளர் பலர் உறுதியாகத் தம்முடன் எடுத்துச் செல்லக் கூடியது அனுபவம் ஒன்றே. பணியை நீட்டிக்க இயலாத அலுவலகமும் அந்த அனுபவத்தை எழுதித் தர இயலும். "இவர் இங்குப் பணியாற்றினார்" என்னும் ஒற்றை வரியோடு நில்லாமல், பதவி, தேதி, முழுநேரமா என்பது, வேலையின் விவரம் ஆகியவற்றைக் குறித்துத் தருவதற்குப் பத்து நிமிடம் போதும். அதனால் செலவேதும் இல்லை.

ஒப்பந்தத்தில் பணியாற்றும் இளைஞர் தம் பணியைக் குறித்து நாணத் தேவையில்லை. நாட்டின் வேலையின்மையை அளக்கும் ஆய்வும், சிற்றூர் மருத்துவமனையின் இரவுப் பணியும் அவர்களது உழைப்பினால் நடைபெறுகின்றன. அவ்வுழைப்பைத் தேதியுடனும் அளவுடனும் சான்றுடனும் உண்மையாக எழுதுவது அவர்தம் உரிமை. அன்று தேர்வாகாமற்போன அப்பெண்மணியிடம் குறைவாக இருந்தவை இரண்டு சான்றுகளும் மூன்று வரிகளுமே. அந்நிலை மற்றொருவருக்கு நேராதிருக்க, பணியாளரும் அலுவலகங்களும் தத்தம் கடமையை உரிய காலத்தில் ஆற்றுதல் வேண்டும்.