தூளியில் உருண்ட தொழில்
(மண்ணும் ஆலையும் – 23)

1958-ஆம் ஆண்டில் சீன தேசத்துக் கிராமங்களின் புறக்கடைகளில் மூட்டப்பட்ட இரும்பு உலைகளைப் பற்றியும், அவை குடியானவர்களின் வாணலிகளை விழுங்கி எதற்கும் உதவாத கட்டிகளைக் கக்கியதைப் பற்றியும் சென்ற வாரம் எழுதியதை அன்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இந்த வாரம் சேலம் சேகோசர்வ் கூட்டுறவு ஸ்தாபனத்தை எடுத்துக்கொள்வதாக வாக்களித்திருந்தேன். ஆனால் அந்த ஸ்தாபனத்துக்கு ஆதாரமான ஜவ்வரிசித் தொழில் எவ்வாறு பிறந்தது என்று ஆராயப் புகுந்த இடத்தில் மனம் நின்றுவிட்டபடியால், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

சீனத்தின் பொருளாதார அபிவிருத்தி என்றவுடன் ஷாங்காய் நகரத்துக் கோபுரங்களும் ஷென்ஜென் துறைமுகத்தில் அடுக்கிய பெட்டகங்களும் நம் கண்முன் வந்து நிற்கின்றன. ஆயினும் அந்த வளர்ச்சிக்கு அஸ்திவாரமாய் அமைந்தவற்றுள் தலையாயவை, நெல் வயல்களின் நடுவே ஓட்டுக் கொட்டகைகளில் கிராமத்தார் நடத்திய சிறு ஆலைகளே என்பது இத்தொடர் முழுவதும் நான் வற்புறுத்திவரும் கருத்து. அதற்கு நிகரான ஓர் உதாரணம் நமது கெங்கவல்லியின் வாசலிலேயே இருக்கிறது. இங்கிருந்து ஆத்தூர் மார்க்கமாகச் சேலம் செல்பவர், குச்சிக்கிழங்குக் காடுகளையும், அவற்றுக்கு இடையிடையே சேகோ ஆலைகளையும், சிமெண்டுக் களங்களில் வெண்மையாய்ப் பரந்து காயும் ஜவ்வரிசியையும், ஆலைகளின் புளித்த வாடையையும் கடக்காமல் போக முடியாது.

குச்சிக்கிழங்கு என்னும் மரவள்ளி நம் நாட்டுப் பயிரன்று. போர்த்துகீசியரால் மேற்குக் கடற்கரைக்கு வந்து, திருவிதாங்கூரில் 1880 முதல் 1885 வரை அரசாண்ட விசாகம் திருநாள் மகாராஜாவின் சிரத்தையினால் ஏழைகளின் ஆகாரமாய் வேரூன்றிய கிழங்கு அது. ஜவ்வரிசியோ அக்காலத்தில் மலேயாவிலிருந்தும் ஜாவாவிலிருந்தும் கப்பலேறி வந்துகொண்டிருந்தது. 1942-இல் சிங்கப்பூரும் ஜாவாவும் அடுத்தடுத்து ஜப்பானியர் வசமாகவே அந்த வரவு அறுபட்டது. இத்தொழிலில் உள்ளோர் சொல்லிவரும் வரலாற்றின்படி, வியாபார நிமித்தமாய்க் கேரளம் சென்றுவந்த சேலத்து மீன் வியாபாரி மாணிக்கம் செட்டியாரும், பினாங்கிலிருந்து வந்து ஜவ்வரிசி செய்யும் முறையை அறிந்திருந்த போபட்லால் ஷாவும் கைகோத்து, 1943-இல் சேலத்தில் ஜவ்வரிசி உற்பத்தியை ஆரம்பித்தார்கள். இதில் எந்தச் சர்க்காரின் திட்டமும் இல்லை, எந்த நிபுணர் குழுவின் சிபாரிசும் இல்லை. யுத்தம் ஒரு சரக்கின் வழியை அடைத்தது, அந்த இடைவெளியில் இருவர் துணிந்து நுழைந்தார்கள்.

நுழைந்த மறு வருஷமே சோதனை வந்தது. 1944-இல் உணவுப் பஞ்சம் கடுமையாக இருந்தபடியால், வயிற்றுக்கு வேண்டிய கிழங்கை மாவாகவும் ஜவ்வரிசியாகவும் மாற்றக்கூடாதென்று சேலம் கலெக்டர் தடை விதித்தார். உற்பத்தியாளர்கள் சங்கமாய்க் கூடி, சிவில் சப்ளை கமிஷனரிடம் முறையிட்டுத் தடையை நீக்கிக்கொண்டார்கள். பஞ்ச காலத்தில் ஒரு கலெக்டர் வேறு விதமாய் முடிவு செய்திருக்க முடியுமா என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. அவரைக் குறைகூற மனம் ஒப்பவில்லை. ஆனால், பிறந்து ஒரு வயது நிரம்பாத தொழில் அந்தத் தடையில் மடிந்திருந்தால் நம் தாலுகாவின் சரித்திரமே வேறாகியிருக்கும்.

இவ்வாரம் என்னைப் பெரிதும் ஆட்கொண்ட செய்தி, இவற்றுக்கெல்லாம் பிறகு வருகிறது. ஆரம்பத்தில் இத்தொழிலுக்கு யந்திரமென்று ஒன்றும் இல்லை. கிழங்கை அரைத்து வடித்த பாலைத் தொட்டியில் தெளியவிட்டு, அடியில் படிந்த மாவை ஈரப்பதம் முற்றிலும் போகாமல் எடுத்து உதிர்த்து, தூளிபோல் கட்டிய துணியில் இட்டு ஆட்டுவார்கள். ஆட்ட ஆட்ட மாவு தன்னைத்தானே உருட்டிக்கொண்டு மணியாகும். அந்த மணிகளைச் சலித்து, எண்ணெய் தடவிய சட்டியில் வறுத்தால் மேற்புறம் வெந்து இறுகி, பின் வெயிலில் காய்ந்தாலும் உடையாத ஜவ்வரிசி கிடைக்கும். இப்படி ஒரு நாள் முழுதும் பாடுபட்டால் நூறு கிலோ மூட்டை இரண்டு தேறும். வெங்கடாசலக் கவுண்டர் என்ற மெக்கானிக் இந்த முறைகளையும் கருவிகளையும் ஒவ்வொன்றாய்த் திருத்தியமைத்ததன் பயனாக, அது நாளொன்றுக்கு இருபத்தைந்து மூட்டையாக உயர்ந்ததாம். இரண்டு எங்கே, இருபத்தைந்து எங்கே! துணியை ஆட்டிய கைகளின் அசைவை உற்றுக் கவனித்து, அதையே சக்கரத்துக்கும் பெல்ட்டுக்கும் கற்பித்துக் கொடுத்த அந்த மனிதரைப் போன்றோரின் கையில்தான் ஒரு தேசத்தின் தொழில் வளர்ச்சி பெரும்பாலும் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சீனத்திலும் இப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள். ஷாங்காய்க்கு அண்மையிலுள்ள தெற்கு ஜியாங்சு கிராமங்களில் ஆலைகள் முளைத்தபோது, அவற்றை நடத்தியவர்களுக்கு யந்திர நுட்பம் தெரியாது. ஆகவே நகரத்து அரசாங்கத் தொழிற்சாலைகளில் வாரம் முழுதும் உழைத்த எஞ்சினீயர்கள், ஓய்வு நாளில் கிராமங்களுக்குப் போய்ப் பழுது பார்த்தும் வழி சொல்லியும் திரும்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை எஞ்சினீயர்கள் என்றே அவர்களுக்குப் பெயர் வழங்கிற்று. 1978-இல் சுமார் 2 கோடியே 80 லட்சம் பேருக்கு வேலை கொடுத்துவந்த, சீனம் முழுவதிலுமுள்ள கிராமத் தொழில்கள், 1996-இல் 13 கோடியே 50 லட்சம் பேருக்கு வேலை கொடுத்தன. இவ்வளவு பெரிய வளர்ச்சியைத் தாங்கள் எதிர்பார்த்திருக்கவில்லை என்று சீனத் தலைவர் தெங் சியாவ்பிங்கே 1987-இல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

இந்த ஜியாங்சுப் பிரதேசத்தைச் சொல்லும்போது பெய் சியாவ்துங் என்ற சமூகவியல் அறிஞரை நினையாமல் இருக்க இயலவில்லை. 1935-இல் குவாங்சி மலைகளில் மக்கள் வாழ்க்கையை ஆராயச் சென்ற அவர், புலிக்கு வைத்த பொறியில் சிக்கிப் படுகாயமுற்றார். உதவி தேடி ஓடிய அவருடைய இளம் மனைவி வழியிலேயே உயிரிழந்தார். அந்தத் துயரத்தோடு உடல் தேறுவதற்காக அவர் தங்கிய இடம், அவருடைய தமக்கை பெய் தாஷெங் பட்டுத் தொழிலுக்குத் துணைநின்ற காய்ஷியான்கூங் என்ற கிராமம். 1929-இல் அக்கிராமத்தார் கூட்டுறவு முறையில் ஏற்படுத்திக்கொண்ட பட்டு நூற்பு ஆலையை அவர் அங்கே கண்டார்; அதைப் பற்றி அவர் எழுதிய நூல் 1939-இல் லண்டனில் வெளிவந்து உலகப் புகழ் பெற்றது. அவரை வீழ்த்திய அதே குவாங்சிப் பிரதேசம்தான் இன்று சீனத்தின் மரவள்ளியில் பெரும்பகுதியை விளைவிக்கிறது என்பதைப் படித்தபோது, தொலைதூரத்து அந்த மலைகள் நம் பச்சைமலைக்குச் சற்று அருகே வந்துவிட்டதாகவே எனக்குத் தோன்றிற்று.

பட்டுக்கூட்டையும் குச்சிக்கிழங்கையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால், ஆலை ஏன் கிராமத்துக்கு வந்தது என்ற கேள்விக்கு விடை கிடைக்கிறது. கூட்டிலுள்ள புழு அந்துப்பூச்சியாகி வெளியேறினால் நூல் அறுந்து பாழாகும். பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளுக்குள் அரைக்கப்படாவிட்டால் கறுத்துக் கெடும். காத்திருக்க இயலாத பண்டம், ஆலையைத் தன் வயலண்டை இழுத்துவருகிறது. சேலத்துக் கஞ்சமலையின் இரும்புக் கல்லோ யுகக்கணக்காய்க் காத்திருக்கவல்லது. அந்தக் கல்லை நம்பி எழுந்த நெடுநாள் கோரிக்கையின் பேரில் சேலம் உருக்காலைக்கு 1970-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1981-இல் உற்பத்தி தொடங்கிய ஆலையோ வெளியிலிருந்து வந்த எஃகைத் தகடாக உருட்டும் ஆலையாக அமைந்தது. கஞ்சமலைக் கல் அங்கே உருகவில்லை.

இவ்வளவு ஒற்றுமை கண்டபின், வேற்றுமையையும் மறைக்கலாகாது. தெற்கு ஜியாங்சுவில் ஆலை கிராமத்தின் பொதுச் சொத்தாக இருந்த காலத்தில், அதன் லாபத்தில் ஒரு பங்கு பள்ளிக்கூடமாகவும் பாதையாகவும் வயலுக்கு உரமாகவும் அங்கேயே திரும்பிற்று. 1990-களின் பிற்பகுதியில் அவற்றுள் பெரும்பாலானவை தனியார் கைக்கு மாறியது வேறு கதை. நம் ஊரில் ஆலை ஆதிமுதலே தனியார் உடைமை. கிழங்கை விளைவிக்கும் குடியானவர், லாரி ஆலை வாசலை அடைந்தபிறகே தம் உழைப்பின் விலையை அறிகிறார். கிழங்கிலுள்ள மாவுச்சத்தைப் பாயிண்ட் கணக்கில் அளந்து, பாயிண்டுக்கு இவ்வளவு என்று அங்கே முடிவாகிறது. அளக்கும் தராசு ஆலையினுடையது. தோல் உரிக்கும் பெண்டிருக்குக் கூலி கிடைக்கிறது, பிழிந்த திப்பி மாட்டுத் தீவனமாய் விலைபோகிறது, ஆலைக் கழிவுநீரால் கிணறு கெட்டவருக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. இந்தத் தொழிலை நான் நேசிக்கிறேன். நேசிப்பதனாலேயே இதைச் சொல்கிறேன்.

இந்த இடத்தில்தான் 1981-இல் தோன்றிய சேகோசர்வ் வந்து நிற்கிறது. ஜவ்வரிசியையும் ஸ்டார்ச்சையும் இடைத்தரகரின் பிடியிலிருந்து விடுவித்து, கிடங்கில் வைத்து, முன்பணம் கொடுத்து, ஏலத்தில் விற்றுத்தரும் அந்தக் கூட்டுறவின் சேவை பெரிது. ஆனால் அதன் உறுப்பினர்கள் ஆலை நடத்துவோர். கிழங்கு பயிரிடுவோர் அல்லர். காய்ஷியான்கூங்கில் பட்டுப்புழு வளர்த்தவர்களே ஆலையின் பங்காளிகளாக இருந்தார்கள். சேகோசர்வின் ஏலக் கூடத்தையும், வட நாட்டில் விரத நாட்கள் நெருங்கும்போது அங்கே விலை ஏறும் விதத்தையும், கிழங்கு விளைவிப்போர் அந்தக் கூடத்துக்குள் உரிமையோடு வர வழியுண்டா என்பதையும் அடுத்த வாரம் தொடர்கிறேன்.