முதல் தரைச் செடிகளின் வயதைச் சொல்லும் கனிமம்

ஜெராம் - செம்பனை மரத்தண்டில் ஒட்டி வளரும் பெரணி பூப்பதில்லை, காய்ப்பதில்லை. அதன் இலைக்கு அடியில் இருக்கும் தூள்தான் அடுத்த தலைமுறையை உருவாக்குகிறது. நீரிலிருந்து முதன்முதலில் தரைக்கு வந்த செடிகளும் இப்படியே பெருகின. அவை தோன்றிய காலத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

அதற்கு உதவுவது சிர்கோன் என்ற கனிமம். எரிமலைக் குழம்பு ஆறும்போது உருவாகும் இந்த மணி, யுரேனியத்தை உள்ளே வைத்துக்கொள்ளும். காரீயத்தை ஏறக்குறைய முற்றிலும் ஒதுக்கிவிடும். பின்னர் யுரேனியம் மெல்ல மெல்லக் காரீயமாக மாறுகிறது. யுரேனியம் 238-இல் பாதி மாற 4,470 மில்லியன் ஆண்டுகள் ஆகும். ஆகவே இரண்டின் அளவையும் ஒப்பிட்டால் மணியின் வயது தெரிந்துவிடும்.

சிர்கோன் நமக்குப் புதியதல்ல. கோல சிலாங்கூர் மாவட்டத்தின் பத்தாங் பெர்ஜுந்தையில் (இன்றைய பெஸ்தாரி ஜெயா) ஈயம் தோண்டிய காலம் பலருக்கு நினைவிருக்கும். ஈயத்தைப் பிரித்தெடுத்த பின் மிஞ்சும் 'அமாங்' மணலில் சிர்கோனும் உண்டு. நம் நாட்டு ஈயத்துக்கு மூலமான தித்திவங்சா மலைத்தொடரின் கருங்கல், சுமார் 200 முதல் 230 மில்லியன் ஆண்டுகள் பழையது என்று சொன்னதும் இதே கனிமம்தான்.

இதில் ஓர் எச்சரிக்கை தேவை. மலையிலிருந்து ஆறு அடித்து வந்த அத்தகைய மணி ஜெராம் கடற்கரைச் சேற்றில் கிடைத்தால், சேறும் 200 மில்லியன் ஆண்டுப் பழமை ஆகிவிடாது. கரையோரக் களிமண்ணுக்குச் சில ஆயிரம் ஆண்டுகளே வயது. மணி பிறந்த காலம் வேறு, வந்து சேர்ந்த காலம் வேறு.

இந்தச் சிக்கல் ஸ்காட்லாந்தின் ரைனி கிராமத்திலும் எழுந்தது. அங்கு வெந்நீர் ஊற்றின் சிலிக்கா, செடிகளை உயிரணு கூடக் கலையாமல் கல்லாக்கியிருக்கிறது. அதை 1912-இல் கண்டறிந்தவர் வில்லியம் மேக்கி என்ற மருத்துவர். 2011-இல் இரு குழுக்கள் அதன் வயதை வெளியிட்டன. அருகிலுள்ள எரிமலைப் பாறையின் சிர்கோன் 411.5 மில்லியன் என்றது. ஊற்று நீரே உருவாக்கிய கனிமத்தில் பொட்டாசியம் ஆர்கனாக மாறியதை அளந்தபோது 407.1 மில்லியன் என்று வந்தது. எந்தக் கனிமம் ஊற்றின் காலத்தைச் சேர்ந்தது என்பதே விவாதம்.

ரைனி செடிகள் முதல் செடிகள் அல்ல. அர்ஜென்டினாவில் கிடைத்த தரைச்செடித் தூள் சுமார் 470 மில்லியன் ஆண்டுகள் பழையது. அதே பாறையிலுள்ள கடல் நுண்ணுயிர்ப் படிவங்களை, வயது தெரிந்த பிற நாட்டுப் பாறைகளோடு ஒப்பிட்டு அந்த எண்ணைப் பெற்றார்கள்.

எனவே பாடநூலுக்குப் பாடநூல் எண் மாறினால் மாணவர்கள் குழம்ப வேண்டாம். எதை அளந்து அந்த வயதைச் சொன்னார்கள் என்று கேட்பதே சரியான கேள்வி.