அநீதி எல்லாம் மதப் பாரபட்சமா?

சென்ற தீபாவளி கழிந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். முன்னர் எம்மிடம் கல்வி பயின்ற இளைஞர் ஒருவர் மாலை வேளையில் எம் இல்லம் தேடி வந்தார். தனியார் வாணிப நிலையமொன்றின் விற்பனைப் பிரிவிற் கடமையாற்றுபவர் அவர். கையில் நான்கு பக்கக் கடிதம். ‘மதப் பாரபட்சத்துக்கு எதிரான முறைப்பாடு’ என்று அதற்குத் தலைப்பிட்டிருந்தார். “சேர், தமிழை மட்டும் திருத்தித் தாருங்கள். நாளைக்கே இதைக் கொடுத்துவிட்டு வேலையையும் விட்டுவிடப் போகிறேன்” என்றார்.

தமிழைத் திருத்துவது எமக்கு எளிய காரியம். ஆனால், கடிதத்தைப் படித்து முடித்தபோது, திருத்த வேண்டியது தமிழன்று என்பது புலனாயிற்று.

கடிதத்தில் ஐந்து குறைகள் இருந்தன. தீபாவளியன்று விடுமுறை கேட்டும் கிடைக்கவில்லை. கையிருப்புக் கணக்கெடுப்பின்போது முகாமையாளர் பலர் முன்னிலையில் இழிவாகப் பேசினார். தாமதமாக வந்ததற்குச் சம்பளத்தில் ஒரு தொகை வெட்டப்பட்டது. ஏழாண்டு உழைத்த தமக்குக் கிடைக்க வேண்டிய பதவியுயர்வு, ஈராண்டுக்கு முன் வந்து சேர்ந்த முகாமையாளரின் சகோதரி மகனுக்குப் போயிற்று. இந்நான்கையும் மூன்றே முக்காற் பக்கத்தில் விரித்துரைத்துவிட்டு, ஐந்தாவதைக் கடைசியில் ஒரே வரியில் முடித்திருந்தார்: நெற்றியில் உள்ளதைத் துடைத்துவிட்டு வந்தால்தான் முன் மேசையில் நிற்கலாம் என்று சொல்லித் தம்மைப் பண்டசாலைக்கு மாற்றிவிட்டனர் என்பது அது.

ஒவ்வொன்றாக விசாரித்தோம். தீபாவளி எமது நாட்டில் அரசாங்க விடுமுறை, வங்கிகளுக்கும் விடுமுறை. ஆனால், தைப்பொங்கலையும் நத்தாரையும் போல அது வர்த்தக விடுமுறை அன்று. பெரிய வெள்ளியும் நோன்புப் பெருநாளும் தீபாவளியின் நிலையிலேயே உள்ளன. ஆகவே, அன்று கடையைத் திறந்து வைத்து ஊழியரை வரச் சொல்வது மட்டும் சட்டவிரோதமாகிவிடாது. பிற சமயத்தவர் தத்தம் பெருநாளுக்குக் கேட்டபோது கொடுத்துவிட்டு இவருக்கு மட்டும் மறுத்திருந்தால் கதை வேறு. அப்படி நடந்ததா என்று கேட்டோம். சற்று யோசித்து, பெரிய வெள்ளியன்று கிறித்தவ நண்பரும் வேலைக்கு வந்திருந்ததாக ஒப்புக்கொண்டார்.

முகாமையாளரின் வாய் பொல்லாதது, அதில் ஐயமில்லை. ஆனால், அந்த வாயிலிருந்து தப்பியவர் எவராவது உண்டா என்று கேட்டபோது இளைஞர் சிரித்துவிட்டார். எல்லாச் சமயத்தவரையும் சமமாக வைவது பண்பாடாகாது, பாரபட்சமும் ஆகாது. சம்பள வெட்டு முறையானதா என்பது தொழிற் திணைக்களத்தில் விசாரிக்க வேண்டிய விடயம். பதவியுயர்விலோ அநீதி அப்பட்டமாகவே தெரிகிறது. ஆனால், அந்த மருமகப்பிள்ளையும் சைவக் குடும்பத்தவரே. அங்கே வென்றது உறவு, சமயம் அன்று.

எஞ்சியிருப்பது அந்த ஒற்றை வரி. அதை ஏன் கடைசியில் எழுதினீர் என்று வினவினோம். “சொல்ல வெட்கமாக இருந்தது, சேர்” என்றார். வைததையும் வெட்டியதையும் சொல்ல வராத வெட்கம், திருநீற்றைத் துடைக்கச் சொன்னதைச் சொல்லும்போது வந்திருக்கிறது. முன் மேசையில் நிற்பவர்களுக்கு விற்பனைக் கொமிசன் உண்டு. பண்டசாலையில் அது இல்லை. ஆகவே மனவருத்தத்தோடு பொருளிழப்பும் சேர்ந்திருக்கிறது. கையிற் பிரித் நூல் கட்டிய ஒருவர் அதே மேசையில் நிற்கிறார். அவரை எவரும் எதுவும் கேட்டதில்லை என்பதும் விசாரணையில் வெளிவந்தது.

தேநீர் கொண்டுவந்த எம் இல்லாள் இடைமறித்து, “முகாமையாளரும் சைவர்தானே? சைவர் சைவருக்குச் செய்தது எப்படி மதப் பாரபட்சமாகும்?” என்று கேட்டார். நல்ல கேள்வி. வேலை கொடுப்பவர் எந்தச் சமயத்தவர் என்பதன்று விடயம். அவர் செய்த செயலுக்குக் காரணம் எது என்பதே விடயம். திருநீறு பூசாதவராக இருந்திருந்தால் இவர் மாற்றப்பட்டிருப்பாரா? மாற்றப்பட்டிருக்க மாட்டார் என்றால், மாற்றியவர் நாள்தோறும் தேவாரம் ஓதுபவராக இருந்தும் பயனில்லை.

“எல்லா வகையான வாடிக்கையாளரும் வரும் இடம், கடையின் தோற்றம் கெடக்கூடாது” என்பது முகாமையாளர் சொன்ன காரணமாம். இதே காரணத்தைப் பெரியதொரு நிறுவனம் சொல்லி, அது ஐரோப்பிய நீதிமன்றம் வரை சென்ற வரலாறு ஒன்று உண்டு.

பிரித்தானிய விமான நிறுவனமாகிய பிரிட்டிஷ் ஏர்வேஸில் பயணிகளைப் பதிவு செய்யும் பகுதியிற் பணியாற்றிய கிறித்தவப் பெண்மணி ஒருவர், 2006 ஆம் ஆண்டில் சிறிய சிலுவையொன்றைச் சீருடைக்கு வெளியே தெரியும்படி அணிந்தார். சீருடை விதி அதற்கு இடந்தரவில்லை. செப்டெம்பர் மாதத்திற் சம்பளமின்றி வீட்டுக்கு அனுப்பப்பட்டார். சீருடை வேண்டாத அலுவலக வேலை தருவதாக நிறுவனம் கூறியதை அவர் ஏற்கவில்லை. அதே நிறுவனத்திற் சீக்கியர் தலைப்பாகையுடனும் முஸ்லிம் பெண்கள் தலைத்துணியுடனும் பணியாற்ற அனுமதிக்கப்பட்டிருந்தனர். 2007 பெப்ரவரியில் நிறுவனம் தானாகவே விதியை மாற்றிக்கொண்டது. இழந்த சம்பளத்தை மட்டும் கொடுக்க மறுத்தது. உள்நாட்டு மன்றங்களில் அவர் தோற்றார். 2013 சனவரி 15 இல், ஸ்ட்ராஸ்பேர்க் நகரிலுள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம், ஐவருக்கு இருவர் என்ற பெரும்பான்மையில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. நிறுவனத்தின் தோற்றத்தைப் பேணுவது நியாயமான நோக்கமே; ஆனால் அதற்கு அளவுக்கு மிஞ்சிய கனம் கொடுக்கப்பட்டுவிட்டது என்பது நீதிபதிகளின் கருத்து.

அதே நாளில், அதே தீர்ப்பில், இன்னொரு சிலுவை தோற்றது. அது மருத்துவமனைத் தாதி ஒருவரின் கழுத்துச் சங்கிலியிற் கிடந்தது. நோயாளி யாராவது சங்கிலியைப் பற்றி இழுத்தால் இருவருக்கும் காயம் ஏற்படலாம் என்று நிருவாகம் அஞ்சியது. சிலுவையை ஊசிப் பதக்கமாகக் குத்திக்கொள்ளலாம் என்று சொல்லியும் பார்த்தது, அவர் இணங்கவில்லை. அந்த மருத்துவமனையிற் சீக்கியத் தாதியர் காப்பு அணியவும் இடமளிக்கப்படவில்லை. நோயாளரின் பாதுகாப்பு கனமான காரணம் என்று நீதிமன்றம் ஏகமனதாகக் கருதியது.

இரண்டு பெண்மணிகளின் பக்தியிலும் குறைவில்லை. இருவருக்கும் நேர்ந்த வருத்தமும் உண்மையானதே. தீர்ப்பு வேறுபட்டது வருத்தத்தின் அளவால் அன்று. மறுபக்கத்திலிருந்த காரணத்தின் கனத்தால். இளைஞரின் கடையில் இயந்திரமும் இல்லை, நோயாளியும் இல்லை. திருநீறு எவரையும் காயப்படுத்தாது. எஞ்சுவது தோற்றம் ஒன்றே. அத்தோற்றமும் பிரித் நூலாற் கெடவில்லை!

இவ்வளவும் கேட்ட இளைஞர், “அப்படியானால் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாமா?” என்று எழுந்தே விட்டார். இங்கேதான் சற்றுக் கசப்பான செய்தியைச் சொல்ல நேர்ந்தது. எமது அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரை சமய காரணமாகப் பாரபட்சம் காட்டுவதைத் தடுக்கிறது. ஆனால், 126 ஆம் உறுப்புரையின்கீழ் உயர் நீதிமன்றத்துக்குச் செல்லும் அடிப்படை உரிமை மனு, அரசின் நிறைவேற்று அல்லது நிருவாகச் செயலுக்கு எதிரானது. அரசாங்க ஊழியராயின் ஒரு மாதத்துள் மனுச் செய்யலாம். அம்மாதத்துள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கு விசாரணை நிலுவையிலுள்ள காலம் கணக்கிற் சேராது. தனியார் கடை ஊழியருக்கு அந்த வாயில் திறவாது. தொழிலிற் பாரபட்சத்துக்கு எதிரான சருவதேசத் தொழில் தாபனத்தின் 111 ஆம் சமவாயத்தை இலங்கை 1998 இல் ஏற்றுக்கொண்டது. எனினும் தனியார் துறை முழுவதற்கும் பொருந்தும் தனிச் சட்டமொன்று இன்னும் இல்லை. பிரித்தானியாவில் 2010 ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் அரசையும் கடைக்காரரையும் ஒருங்கே கட்டுப்படுத்துகிறது. இக்குறையை நீக்க வேண்டியவர்கள் சட்டமியற்றுவோர்.

வேலையை நீக்கினால் தொழில் நியாய சபை உண்டு. ஆறு மாதத்துள் அங்கே விண்ணப்பிக்கலாம். நீதியும் நியாயமுமான நிவாரணத்தை அது வழங்கும். ஆனால், தானாக விலகியவர் அங்கே நின்று, உண்மையில் தான் விரட்டப்பட்டதாக நிறுவுவது எளிதன்று. அதனாலேயே, விலகற் கடிதத்தை முதலிற் கிழிக்கச் சொன்னோம்.

முறைப்பாட்டையும் புதிதாக எழுதுவித்தோம். ஐந்தையும் ஒரே தலைப்பில் அனுப்பியிருந்தால் என்ன நடந்திருக்கும்? முகாமையாளர் வரவுப் பதிவேட்டைக் காட்டித் தாமதத்தை நிறுவியிருப்பார்; விடுமுறைப் பட்டியலைக் காட்டித் தீபாவளியை மறுத்திருப்பார். அந்த இரண்டு பொய்த்ததும் ஐந்தாவதும் பொய்யென்று தலைமை அலுவலகம் தள்ளியிருக்கும். ஒரே பக்கம் போதும் என்றோம்: எந்த நாள், எத்தனை மணி, யார், என்ன சொல், யார் கேட்டார், மாற்றத்தால் இழந்த கொமிசன் எவ்வளவு. பதவியுயர்வு பற்றித் தனியே மற்றொரு கடிதம். அதில் சமயம் என்ற சொல்லே வரலாகாது.

இதை எழுதும்போது எமக்கு ஒரு நினைவு உறுத்துகிறது. நம்மவர் நடத்தும் கடைகளிலும் பாடசாலைகளிலும் முக்காடிட்ட பெண்ணோ சிலுவை அணிந்த இளைஞரோ வேலை கேட்டு வரும்போது, ‘தோற்றம்’ என்ற சொல் நம் வாயிலும் எவ்வளவு இலகுவாக வந்துவிடுகிறது! அன்றைக்கு அவர்களும் யாரேனும் ஓர் ஆசிரியர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கக் கூடும்.

கடிதம் தலைமை அலுவலகத்துக்குச் சென்று மூன்று வாரமாயிற்று. கிடைத்ததாக ஒரு வரிப் பதில் வந்திருக்கிறது. தம்பி இன்னும் பண்டசாலையிலேயே நிற்கிறார். காலையில் திருநீறு பூசிக்கொண்டுதான் போகிறார். பிரித் நூல் கட்டிய நண்பர், கேட்டாற் சாட்சி சொல்வதாக வாக்களித்திருக்கிறாராம்.