கொக்கு போட்ட பூ

'ஏன்? எப்படி?' என்று கேட்டுக்கொண்டே இருப்பவர்கள் நீங்கள். அதனால்தான் உங்களுக்காக ஒரு பழைய பாட்டின் கதையைக் கொண்டுவந்திருக்கிறேன். பாட்டிமார் வாய்வழியாக வந்த பாட்டு அது.

சாயங்கால வேளை. வானத்தில் வெள்ளைக் கொக்குகள் வரிசையாகப் பறந்து போகும். அதைப் பார்த்ததும் தெருப்பிள்ளைகள் ஆட்டத்தை அப்படியே நிறுத்திவிடுவார்கள். கைவிரல்களை மடக்கி, நகத்தோடு நகத்தை உரசிக்கொண்டே, கொக்கிடம் பூக் கேட்டுப் பாடுவார்கள். கொக்குகள் கண்ணுக்கு மறைந்ததும் நகத்தைப் பார்ப்பார்கள். வெள்ளைப் புள்ளி தெரிந்தால், அதுதான் கொக்கு போட்ட பூ!

அது ஏன் சாயங்காலத்தில்? அந்த வெள்ளைக் கொக்குகளில் ஒரு வகையான உண்ணிக்கொக்கு பகலெல்லாம் மேயும் மாடுகளின் பின்னாலேயே நடக்கும். மாடு காலெடுத்து வைத்ததும் புல்லிலிருந்து வெட்டுக்கிளி துள்ளும். கொக்கு 'லபக்'கென்று பிடித்துவிடும். பொழுது சாய்ந்ததும் கூட்டமாகத் தங்கும் மரத்துக்குத் திரும்பும். பிள்ளைகள் தெருவில் விளையாடும் நேரமும் அதுதான். பாட்டுக்கு வேளை எப்படிப் பொருந்தியது, பார்த்தீர்களா?

சரி, நகத்தில் பூ எப்படி வந்தது?

உங்கள் கட்டைவிரல் நகத்தின் அடியில் வெளுப்பாக ஒரு பிறை தெரிகிறதா? நகம் உருவாகும் இடத்தின் ஓரம் அது. மீதி இடம் தோலுக்குள் மறைந்திருக்கிறது. கதவிடுக்கில் விரல் லேசாக நசுங்கினாலோ, நகத்தைக் கடித்துக்கொண்டே இருந்தாலோ, அந்த இடத்தில் அடிபடும். அப்போது உருவாகும் நகத்தில் ஒரு சிறு பகுதி ஒழுங்காகக் கெட்டிப்படாது. அதுதான் வெள்ளைப் புள்ளி. பெரும்பாலும் இதனால் ஒரு கெடுதலும் இல்லை.

அடிபட்ட அன்றே புள்ளி தெரியாது. நகம் வளர்ந்து, தோலைத் தாண்டி வெளியே வரச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் அடிபட்டதே மறந்துபோகும். பிள்ளைகள் நகத்தை உற்றுப் பார்ப்பதோ கொக்கு போன பிறகு. ஏற்கெனவே இருந்த புள்ளி அப்போதுதான் கண்ணில் படும். உடனே கொக்குக்குப் பெயர் கிடைத்துவிடும். புரிகிறதா, கண்ணுகளா?

இன்னொரு கேள்வி. அந்தப் புள்ளி ஏன் வெள்ளையாக இருக்கிறது? ஒரு கல்கண்டை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி மாதிரி இருக்கும். இடித்துப் பொடியாக்கினால் வெள்ளை! யாரும் வெள்ளைச் சாயம் பூசவில்லையே? பொடியில் படும் ஒளி நாலாபக்கமும் சிதறுகிறது. எல்லா நிறமும் சேர்ந்து சிதறினால் நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும். நகப்புள்ளியிலும் இதுதான் நடக்கிறது. கொக்கின் வெள்ளை இறகிலும் இதேதான். அந்த இறகில் நிறமி கிடையாது.

அது மட்டுமா? உங்கள் நகமும் கொக்கின் இறகும் கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனவை. இறகில் இருக்கும் கெரட்டின் கொஞ்சம் வேறு வகை, அவ்வளவுதான். நகத்தின் வெள்ளையையும் இறகின் வெள்ளையையும் சேர்த்துப் பார்த்து, அவற்றுக்கு ஓர் உறவு சொல்லிப் பாடிய அந்தப் பிள்ளைகள் எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்க வேண்டும்!

இப்போது உங்கள் முறை. நகத்தில் வெள்ளைப் புள்ளி இருந்தால் ஒரு ஸ்கேலை எடுங்கள். தோலின் ஓரத்திலிருந்து புள்ளி எவ்வளவு தூரம் என்று அளந்து, தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். ஞாயிறுதோறும் அளங்கள். கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். அடியிலிருந்து நுனி வரை வளர ஏறக்குறைய 6 மாதம் ஆகும். உங்கள் நகம் எவ்வளவு வளர்கிறது என்று நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

அந்த நோட்டிலேயே இன்னொரு வேலையும் செய்யுங்கள். காக்கை, குருவி, அணில் என்று உங்கள் தாத்தா பாட்டிக்குத் தெரிந்த பாட்டுகளைக் கேட்டு எழுதுங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் கீழே, 'இது உண்மையா? எப்படிச் சோதிக்கலாம்?' என்று ஒரு கேள்வியும் எழுதுங்கள். பாட்டை மறக்கவும் வேண்டாம், கேள்வியை விடவும் வேண்டாம்.